முனியாண்டி கேட்காத கிடா

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் போய் நாகரத்தினம் என்று கேட்டால், எந்த நாகரத்தினம் என்று யோசிப்பார்கள். பிரெட்ரிக் அப்பா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடத் தொழிலாளர் லைனில் இருக்கும் அவர் வீட்டைக் கைகாட்டும். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுஷனுக்கு இந்தப் பெயர் ஓர் ஆட்டால் வந்தது. அந்த ஆடு வந்ததோ அவர் மனைவி ருக்குமணியால்.

ருக்குமணிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் நடந்த அன்று, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டும் நாகரத்தினம் வராந்தாவில் நின்றபடியே தோட்டத்து முனியாண்டியிடம் பேரம் பேசினார். "இவள மட்டும் திருப்பிக் குடுத்துரு சாமி. என் வீட்டுக் கெடாவ உனக்கு வெட்டுறேன்." முனியாண்டி வாக்குத் தவறவில்லை. ருக்குமணி பிழைத்து வந்தாள். வந்த மறுநாளே, அவர் கழுவி வைத்திருந்த சட்டியை மோந்து பார்த்துவிட்டுத் திட்டவும் ஆரம்பித்தாள். நாகரத்தினம் வீட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

சிக்கல் திருவிழாவில் வந்தது. வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். சிலுப்பாத ஆட்டின் மேல் கத்தி படக்கூடாது. மற்றவர்களின் ஆடுகளெல்லாம் தண்ணீர் பட்டவுடன் சிலுப்பிவிட்டு, ஒழுங்கு மரியாதையாகக் குழம்புக்குப் போய்ச் சேர்ந்தன. நாகரத்தினத்தின் கிடா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். மூக்கில் வழிந்த தண்ணீரை நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது. மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்துபோக, பூசாரி சின்னையா கத்தியைக் கீழே வைத்தார்.

"சாமிக்கு வேணாமாம்லா."

"வேற கெடா கொண்டாரட்டுங்களா?"

"நேந்தது இதைத்தானே? புடிக்கலன்னா மாத்திக் குடுக்குறதுக்கு முனியாண்டி என்ன துணிக்கடையா வச்சிருக்காரு? சாமியா எப்பக் கேக்குதோ, அப்பக் குடுங்க."

நேர்ந்துவிட்ட ஆட்டை விற்கவும் முடியாது, கட்டிப்போடவும் கூடாது. மாலையும் கழுத்துமாக அவிழ்த்துவிட்டார்கள். அது முதலில் மேனேஜர் பங்களா ரோஜாச் செடிகளை மொட்டையடித்தது. பிறகு யாருடைய முட்டைக்கோஸ் லோரியிலோ தொற்றிக்கொண்டு கியா பார்ம் சந்தை வரைக்கும் போய், ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்த ஸ்ட்ராபெரியில் வாய் வைத்தது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு விலங்குக் காப்பகத்துக்குப் போன் போட்டார்.

கம்போங் ராஜா போகிற வழியில் அந்தக் காப்பகத்தை நடத்துகிறவள் மெலிசா. நம் ரிங்லெட் பெண்தான். மாலையும் மஞ்சளுமாக நின்ற கிடாவைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்திக்குத் தப்பி வந்த வீரன் என்று முகநூலில் படம் போட்டு, பிரெட்ரிக் என்று பெயரும் வைத்துவிட்டாள். படத்தைப் பார்த்த நாகரத்தினம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஆட்டத் திருப்பித் தர முடியாது அங்கிள்," என்றாள் மெலிசா. "ஆனா நீங்க ஸ்பான்சர் பண்ணலாம். தீனிக்கு, மருந்துக்கு மாசாமாசம் குடுத்தீங்கன்னா பிரெட்ரிக் உங்க புள்ள மாதிரி. எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

நாகரத்தினம் யோசித்தார். இன்றைக்கு வேண்டாம் என்ற முனியாண்டி நாளைக்கே கேட்டாலும் கேட்பார். கேட்கிற நேரத்தில் ஆடு உயிரோடு இருக்க வேண்டும். கொஞ்சம் சதைப்பிடிப்போடும் இருந்தால் நல்லது. உத்தரவு மட்டும் கிடைத்துவிட்டால், சாமிக்கு முன்னால் மெலிசா என்ன செய்துவிட முடியும்? ஒத்துக்கொண்டார். 'மனம் திருந்திய உரிமையாளர்' என்று மெலிசா அடுத்த படத்தைப் போட்டாள். பிரெட்ரிக்கின் வளர்ப்புத் தந்தை என்ற சான்றிதழ் அவர் வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனுஷர் மஞ்சள் தண்ணீரும் சொம்புமாகக் கிளம்பிவிடுவார். ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று மெலிசா நினைத்துக்கொண்டாள். அவர் தண்ணீரைத் தெளித்ததும் தொழுவமே சிலுப்பும். நொண்டி ஆடு சிலுப்பும், கண் தெரியாத ஆடு சிலுப்பும், கூட வளர்கிற வாத்துகூட இறக்கையை உதறும். "உங்களயெல்லாம் யாரு கேட்டா?" என்று அவர் கத்துவார். பிரெட்ரிக் மட்டும் அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்க்கும்.

ஊர் சிரித்தது. சாமிக்குக் கொடுத்த வாக்கு, மானப்பிரச்சனை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மை அதுவல்ல. ருக்குமணி லேசாக இருமினாலே அவருக்குக் குலை நடுங்கியது. அவள் உயிரைத் திரும்ப வாங்கியாகிவிட்டது, சொன்னதைக் கொடுக்கவில்லை. முனியாண்டி கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? இதை அவளிடம் சொல்லவும் முடியாது. நெஞ்சைத் தைத்துக்கொண்டு வந்தவளைப் பயமுறுத்தலாமா?

மழைக்கோட்டு ஒன்றை ஆட்டு அளவுக்கு வெட்டித் தைக்கச் சொன்னபோது ருக்குமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். வெட்டப்போற ஆட்டுக்கு எதுக்குங்க மழைக்கோட்டு?"

"சளி புடிச்சா சாமி ஏத்துக்காதுலா."

"இந்த மலையில பொறந்த ஆடு அது. மழைக்கெல்லாம் சிலுப்ப ஆரம்பிச்சா அதுக்குக் கழுத்துதான் சுளுக்கிக்கும். விட்டுத்தொலைங்க."

அவர் விடவில்லை. அந்த வாரம் ருக்குமணிக்கு நல்ல சளி. ராத்திரியெல்லாம் இருமினாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், முகத்தில் ஈயாடாமல் சொம்பைத் தேடியவரைப் பார்த்து, "நானும் வாறேன். அப்படி என்னதான் இருக்கு அந்த ஆட்டுக்கிட்டன்னு பாக்குறேன்," என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

காப்பகத்தில் அவளைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனார். தெளித்தார். தொழுவம் சிலுப்பியது; பிரெட்ரிக் அசைபோட்டது. மறுபடி தெளித்தார். கடைசியில், திருநீறு நெற்றி சேற்றில் பட, ஆட்டின் முன்னால் மண்டியிட்டுவிட்டார்.

"சிலுப்புடா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன். அவ இருமுறாடா. நான் குடுக்கலன்னா அவள எடுத்துக்குவாருடா. ஒரே ஒருக்க சிலுப்புடா, ஐயா..."

ருக்குமணி காரில் இருக்கவில்லை. பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை காலமும் இந்த மனுஷனைக் கிறுக்கு என்று திட்டியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு அவள் முன்னால் வந்து நின்றது. குனிந்து சொம்பை எடுத்தாள். மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள்.

மலைத் தண்ணீர். நாகரத்தினத்துக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வெடவெடத்தது. பல் தந்தியடிக்க, தலையையும் தோளையும் உதறு உதறென்று உதறினார். வைக்கோலோடு வந்த மெலிசா அப்படியே நின்றுவிட்டாள்.

"உத்தரவு கெடச்சிருச்சு," என்றாள் ருக்குமணி. "எந்திரிங்க, போலாம்."

"என்ன வெளையாட்டு இது? நேந்தது ஆட்டைத்தான்லா!"

"எனக்காக இத்தன நாளா செத்துக்கிட்டு இருந்தது யாரு? ஆடா?"

அவள் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டத் தொடங்கினாள். மெலிசா பார்க்கிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலையை நகர்த்தவில்லை.