புலிக்குத் தெரிந்த மெட்டு

ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, பினாங்கில் நடந்தது இது. டத்தோ கிராமாட் சாலைப் பக்கமிருந்த திடலில் ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் போட்டிருந்தது. எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். பகலில் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. மற்ற நேரங்களில் கல்யாணத்துக்கும் சீனர்களின் சவ ஊர்வலத்துக்கும் வாசிக்கிற ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தேன். நன்றாகவே ஊதுவேன். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கஸ்காரர்களின் கிளாரினெட் வாசிப்பவர் கப்பலிலேயே மலேரியாவில் விழுந்துவிட்டார். ஊரில் வேறு ஆள் உண்டா என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள். எங்கள் பேண்டில் டிரம் அடிக்கும் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். கிடங்கில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன்.

புலியாட்டம்தான் அந்த சர்க்கஸின் பெரிய காட்சி. இரும்புக் கம்பி வளையத்துக்குள் ஒரே ஒரு ஆண் புலி. அதை ஆட்டி வைத்தது ஒரு பெண். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கையில் சவுக்கு கிடையாது, ஒரு மூங்கில் குச்சிதான். புலி மூன்று முக்காலிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். பிறகு நடுவில் வந்து படுக்கும். அவள் அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். மெட்டு முடிந்ததும் இருவரும் எழுந்துவிடுவார்கள்.

அந்த மெட்டை ஒத்திகையில் அவளே வாயால் பாடிக் காட்டினாள். குழந்தையைத் தாலாட்டுவது போல ஒரு சின்ன மெட்டு, நான்கு வரிதான். ஆட்டம் முழுக்க அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

"அண்ணே, இதைக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். இப்படியே ஊதுங்க," என்றாள்.

சரி என்றேன். மனதுக்குள், இந்தப் பெண்ணுக்குச் சங்கீதம் தெரியாது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் அப்படியே ஊதினேன். நான்காம் நாள் சனிக்கிழமை, பகல் ஆட்டம். உட்கார இடமில்லாமல் கூட்டம். ஆட்டம் தொடங்கும்போது நண்பன் என் பக்கம் குனிந்தான்.

"ரெண்டாவது வரிசை பாரு. அந்த மணிலாக்காரன் வந்திருக்கான்லா."

கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் பேண்டு நடத்துகிறவர் அவர். அந்த பேண்டில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக நான் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவர் என் வாசிப்பைக் கேட்டதில்லை. இன்று கேட்கிறார், அதுவும் இந்தத் தாலாட்டை. எனக்கு அவமானமாக இருந்தது.

புலி முக்காலிகளை முடித்துக்கொண்டு நடுவில் வந்து படுத்தது. அவளும் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். கூடாரம் முழுவதும் கப்சிப் என்றிருந்தது. என் கிளாரினெட்டும் நண்பனின் மெல்லிய டிரம்மும் மட்டும்தான். நாலாவது வரியின் கடைசியில் கீழே இறங்கி முடிய வேண்டிய மெட்டை நான் மேலே ஏற்றினேன். படிப்படியாக ஏறி, உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, மூச்சு உள்ள மட்டும் நிறுத்தினேன். என் கண் இரண்டாவது வரிசையில் இருந்தது. மணிலாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் வளையத்தைப் பார்த்தபோது புலி எழுந்து நின்றிருந்தது. அவள் மரத்தூளில் மல்லாந்து கிடந்தாள். புலியின் ஒரு முன்னங்கால் அவள் தோளின் மேல்.

டிரம் நின்றது. நானும் நிறுத்திவிட்டேன். முதலில் இரண்டு பேர் கைதட்டினார்கள், ஆட்டத்தில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்து. பிறகு அதுவும் நின்றது. அத்தனை பேர் இருந்த கூடாரத்தில் அந்தப் புலி மூச்சு விடுகிற சத்தம் நாங்கள் வாசிக்கும் மேடை வரைக்கும் கேட்டது. காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்தது. எதையோ தேடுவது போல இருந்தது.

கம்பி வளையத்துக்கு வெளியே காவலுக்கு நின்றவர்கள் இரும்புக் கழிகளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார்கள். அவள் கிடந்தபடியே இரண்டு விரலை உயர்த்தினாள். அவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அண்ணே," என்றாள். முகத்தைத் திருப்பவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "மொதல்லேருந்து ஊதுங்க. பழைய மாதிரி."

கிளாரினெட்டை வாயில் வைத்தேன். நாக்கு காய்ந்து, ஊதுவாயில் இருக்கும் நாணல் ரீடும் காய்ந்துபோயிருந்தது. ஊதியதும் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. புலி உறுமியது. அதன் கால் அழுந்துவதும் அவள் சட்டையில் சிவப்பு ஊறுவதும் தெரிந்தன. துளைகள் எங்கே என்றே விரல்களுக்குத் தெரியவில்லை.

நண்பன் என் தொடையில் கையை வைத்து அழுத்தினான். "மெதுவா. நான் தட்டுறேன், நீ வா," என்று முணுமுணுத்தான். விரல் நுனியால் டிரம்மைத் தட்டத் தொடங்கினான்.

ரீடை நாக்கால் நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் புலியின் காதுகள் நிமிர்ந்தன. மூன்றாவது வரியில் அது காலை எடுத்தது. அவளை விட்டு விலகி, முதல் முக்காலியை நோக்கி நடந்து, ஏறி உட்கார்ந்தது.

அவள் எழுந்தாள். வெளியே ஓடி வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். அவள் மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆட்டத்தை முதலிலிருந்து முழுவதும் நடத்தினாள். கடைசியில் புலி வந்து படுத்தது. அவளும் அதே இடத்தில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்காவது வரியைக் கீழே இறக்கி முடிக்கிற வரைக்கும் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஆறேழு சுரங்களை நான் ஆயிரம் தடவை ஊதியிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தது. முடிந்தபோது என் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூடாரத்தின் பின்பக்கம் ஓடினேன். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அதுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சுண்ணே. ஒரு வருஷமாச்சு. வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. அந்தப் பாட்டை வச்சுத்தான் எந்த முக்காலி, எப்போ படுக்கணும், எப்போ எந்திரிக்கணும்னு புரிஞ்சுக்குது. திடீர்னு நீங்க வேற ஊதினதும் தான் எங்கே இருக்கோம்னே தெரியலே அதுக்கு."

"ஏம்மா என்கிட்ட முதல்லயே சொல்லலே?"

"யார்கிட்டயும் சொல்லலே. முதலாளிக்குத் தெரிஞ்சா சுட்டுருவாங்க. கண்ணு தெரியாத புலிக்கு யாரு கறி போடுவா?"

"இப்போ அவர் கேட்டா?"

"கால் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க."

முதலாளி என்னிடமும் கேட்டார். அப்படியே சொன்னேன். என் தப்பை ஒப்புக்கொண்டால் புலிக்குக் கண் தெரியாததும் வெளிவந்து, அதன் கதை முடிந்துவிடும். அதனால் அடிபட்டவளே என் தப்பையும் சுமந்துகொண்டாள்.

வாசலில் மணிலாக்காரர் எனக்காகக் காத்திருந்தார். அந்த உச்ச சுரம் ரொம்ப நன்றாக இருந்தது என்று மலாய் மொழியில் சொல்லி, திங்கட்கிழமை ஹோட்டலுக்கு வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் போகவில்லை. தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சுரத்தை மறுபடி ஊத என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

மீதி ஆறு நாளும் அந்தத் தாலாட்டை அவள் பாடிக் காட்டியபடியே ஊதினேன். அதற்கு மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அந்தப் புலி அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தது, அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் நான் எத்தனையோ வருடம் கிளாரினெட் வாசித்திருக்கிறேன். பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும்போதெல்லாம், இந்த மெட்டை மட்டுமே நம்பி அடுத்த அடி வைக்கிற யாரோ ஒருவர் இங்கே இருக்கக்கூடும் என்ற நினைப்பு வந்து, என் விரல்களை இன்றுவரை அடக்கிக்கொண்டிருக்கிறது.