நனைந்த பஞ்சு

மாடியில் காயப்போட்ட தலையணை மழையில் ஊறிவிட்டது. அந்த ஈர இலவம்பஞ்சு வாடை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பிறக்கும்போதே எனக்கு இடக்கை கிடையாது. “கிரகணத்தன்னைக்கு வயித்துப்பிள்ளைக்காரி காய் நறுக்கலாமாட்டி?” என்று தென்காசியில் எங்கள் தெருவே அம்மாவைக் குடைந்தது. வெளியே கிளம்பினால் அம்மா என் இடது சட்டைக்கைக்குள் இலவம்பஞ்சை அடைத்து நுனியைத் தைத்துவிடுவாள்.

அறுபதுகளில் ஒரு சாரல் காலம்; நான் அப்போது சிறுமி. குற்றாலத்தில் பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். அருவியில் பஞ்சு ஊறிக் கனத்து என்னை ஒரு பக்கமாக இழுத்தது; பாசியில் கால் வழுக்கியது. யாரோ ஓர் அக்கா எட்டி என் இடக்கையைப் பிடித்தாள். அது பிதுங்கியதும் அலறிக்கொண்டு விட்டுவிட்டாள். பாறையில் விழுந்து என் மோவாய் கிழிந்தது.

அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். சட்டைக்கையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, பஞ்சு முழுவதையும் தண்ணீரில் உதறினாள்.

“எம்பிள்ளைக்கு ஒரு கைதாம்மா” என்றாள் அந்த அக்காவிடம். “பிடிக்கணும்னா இந்தக் கையப் பிடி.”

இப்போது மருமகள் வந்து தலையணையைத் தொட்டுப் பார்க்கிறாள். “வெயில் வந்தா காஞ்சிரும் அத்தை.”

“காயாதுட்டி” என்றேன். தலையணையை மடியில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு, தையலைப் பல்லால் கடித்தேன்.