கட்டைவிரலில் ஃபோகஸ்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஞாயிறு காலைகளில் பெண்கள் கால்பந்து நடக்கும். அதைப் படம் எடுக்க கேமராவோடு வருகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண். முதலில் கொஞ்ச நாள் அவர்கள் என்னை ஏதோ ஒரு ஆட்டக்காரியின் அம்மா என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம், "உங்க பொண்ணு எந்த நம்பர் ஜெர்சி மேடம்?" என்று கேட்டார். எனக்குப் பெண்ணே கிடையாது. நாற்பத்தேழு வயதில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டு வந்தவள் நான்.

அந்த ஆண்கள் என்னை மதிக்க ஆரம்பித்தது ஒரு பட்டனால்.

கேமராவை வாங்கியபடியே வைத்திருந்தால், ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தும்போது ஃபோகஸ் பிடிக்கும், முழுதாக அழுத்தினால் படம் விழும். இரண்டு வேலையும் ஒரே விரலுக்கு. ஆனால் மெனுவுக்குள் போய் ஃபோகஸை ஷட்டரிலிருந்து பிரித்து, கேமராவின் முதுகில் இருக்கும் சின்ன பட்டனுக்குக் கொடுத்துவிடலாம். அதன்பிறகு கட்டைவிரல் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும், ஆள்காட்டி விரல் படத்தை எடுக்கும். அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸ் ஓடுகிறவளைத் துரத்திக்கொண்டே போகும். குறுக்கே யாராவது வந்தால் கட்டைவிரலைத் தூக்கினால் போதும், ஃபோகஸ் அங்கேயே நின்றுவிடும். இதை நான் இணையத்தில் பார்த்து, ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டு பால்கனியில் காக்கைகளை வைத்துப் பழகியிருந்தேன். மைதானத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் கேட்டார், சொல்லிக்கொடுத்தேன். பிறகு எல்லோரும் கேட்டார்கள். எனக்குக் 'கட்டைவிரல் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெளியே சிரித்துத் தள்ளிவிட்டாலும் உள்ளுக்குள் அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதிகமாகக் கற்றுக்கொண்டவர் அண்ணனூர்க்காரர். ஸ்டேஷன் பக்கம் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார், நிச்சயதார்த்தம், காதுகுத்து என்று விசேஷங்களுக்கும் போவார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நான் அவரைத் தம்பி என்பேன், ஆனால் நீங்கள் போட்டுத்தான் பேசுவேன்.

போன வருடக் கடைசியில் என் கட்டைவிரல் தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மடங்கியபடியே இருக்கும். நிமிர்த்தப் பார்த்தால் வராது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தால் சடக்கென்று ஒரு சத்தத்தோடு நிமிரும். வலி மணிக்கட்டுவரை ஓடும். மடக்குவதில் பிரச்சினை இல்லை, நிமிர்த்துவதில்தான். குக்கர் மூடியை இடது கையால் திறக்கப் பழகினேன். சப்பாத்தியை நிறுத்தினேன். "ஏன் இப்பல்லாம் சப்பாத்தியே இல்ல?" என்று கணவர் கேட்டபோது கோதுமை சூடு என்று ஏதோ சொன்னேன்.

ஏன் மறைத்தேன் என்று இப்போது யோசித்தால் பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. சர்க்கரை வந்தபோதே அலுவலகத்தில் என்னைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. பிறந்தநாள் கேக்கை நீட்டும்போது கைகள் என் முன்னால் வந்து தயங்கும். அந்தத் தயக்கம் மைதானத்திலும் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். கட்டைவிரலால் பேர் வாங்கியவளுக்குக் கட்டைவிரல் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் நான் மறுபடி யாரோ ஒருவருடைய அம்மாவாகிவிடுவேன்.

கேமராவின் அடியில் பேட்டரி கிரிப் ஒன்று மாட்டியிருந்தேன். கூடுதல் பேட்டரி போடுகிற கட்டை அது. கேமராவை நிமிர்த்திப் பிடித்து உயரவாக்கில் எடுக்க வசதியாக, அதிலும் ஒரு ஷட்டர், ஒரு ஃபோகஸ் பட்டன் தனியாக உண்டு. ஒரு ஞாயிறு அதைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். கேமராவின் முதுகில் இருக்கும் பட்டனுக்கு விரலை நன்றாக மடக்க வேண்டும். கிரிப்பில் இருப்பதற்கு வேண்டாம், நீட்டிய விரலின் அடிச்சதையால் அழுத்தினாலே போதும். வலியும் இல்லை, விரல் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

அன்றிலிருந்து என் படங்கள் எல்லாமே உயரவாக்கில் வந்தன. கால்பந்தை யாரும் அப்படி எடுப்பதில்லை. பந்து ஒரு பக்கம், ஓடுகிறவள் ஒரு பக்கம் என்று ஆட்டம் அகலமானது. என் படங்களில் ஆளுக்குத் தலைக்கு மேல் வானமும் காலுக்குக் கீழ் புழுதியும் இருந்தன. பாதி நேரம் பந்தைக் காணோம்.

அண்ணனூர்க்காரர்தான் முதலில் கேட்டார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எங்க படம்லாம் படுத்துகினு கீது, உங்க படம் மட்டும் நின்னுகினு கீது?" என்றார்.

என்ன சொல்வதென்று நான் தேடுவதற்குள் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ஓ, போனுக்கா? கரெக்டுக்கா. இப்ப எவன் கம்ப்யூட்டர்ல பாக்குறான். எல்லாம் போன்ல தான தள்ளிகினு கீறானுங்க."

"ஆமா தம்பி. அதுக்குத்தான்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அன்று மாலையே அவர் எங்கள் வாட்ஸப் குழுவில் என் படங்களைப் போட்டு, இனிமேல் இப்படித்தான் எடுக்க வேண்டும், அக்கா எப்பவும் நமக்கு முன்னாடி போகிறார் என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நானும் ஒரு கும்பிடு பொம்மை போட்டேன். அடுத்த ஞாயிறு மைதானத்தின் ஓரத்தில் பாதிப் பேர் கேமராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து எனக்கு முகம் எரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டம் கோவில்பதாகைப் பெண்கள் அணிக்கும் எங்கள் குவார்ட்டர்ஸ் அணிக்கும். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் எங்கள் அணியின் பயிற்சியாளரம்மா என்னிடம் நேராக வந்தார். "மேடம், கோல் அடிச்சா அகலமா ஒரு படம் வேணும். அடுத்த வருஷம் பேனர்ல போடணும். நீங்க எடுத்ததெல்லாம் நல்லா இருக்கு, ஆனா பேனர்ல நிக்க மாட்டேங்குது."

"எடுத்துடலாம்," என்றேன்.

இரண்டாம் பாதியில் எங்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்தேன். கட்டைவிரலை மடக்கி முதுகுப் பட்டனை அழுத்தினேன். உதைக்கப் போகிறவளின் முகம் பளிச்சென்று வந்தது, நெற்றி வியர்வை உட்பட. அவள் ஓடிவந்து உதைத்தாள். கோல். எல்லோரும் அவளை நோக்கி ஓட, அவள் என்னை நோக்கிக் கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பேனர் படம் என் கண் முன்னால் இருந்தது. அப்போது கோட்டோர நடுவர் குறுக்கே நடந்தார். விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

விரல் வரவில்லை. மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டது. பட்டன் அழுந்தியே இருந்ததால் ஃபோகஸ் நடுவருடைய சட்டைக்குப் போய், அவரோடு சேர்ந்து மெதுவாக நடந்து போனது. அவர் சட்டையின் தையல் வரை துல்லியமாக விழுந்தது. பின்னால் அந்தப் பெண்கள் கலங்கலாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முட்டி போட்டு உட்கார்ந்து, கேமராவை மடியில் சாய்த்து, இடது கையால் விரலைப் பிடுங்கினேன். சடக்கென்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது. நிமிர்ந்தால் அண்ணனூர்க்காரர் நிற்கிறார்.

"பட்டன் மாட்டிகிச்சாக்கா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"குடுங்க. மண்ணு பூந்துருக்கும்." கேமராவை வாங்கி, அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கிரிப்பைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார், ஊதினார், பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மைதானத்தில் இன்னொரு ஆரவாரம் கேட்டது, தலையைக்கூடத் தூக்கவில்லை. "நல்லா தான வேல செய்து," என்று முணுமுணுத்தார். பிறகு தன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க இத்த வெச்சி எடுங்க. உங்க செட்டிங்குதான், நீங்க சொல்லிக் குடுத்தது. மேட்ச்சு போய்கினே கீது, எடுங்கக்கா."

அந்த கேமராவை என்னால் வாங்க முடியவில்லை. அதன் முதுகில் இருந்த பட்டனையும் என் விரலையும் பார்த்தேன்.

"தம்பி, பட்டன்ல ஒண்ணும் இல்ல. என் விரல்தான். மடங்கினா நிமிர மாட்டேங்குது. ரொம்ப நாளா இப்படித்தான்."

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு கிரிப்பைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு புரிவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்த நின்னுகினு கீற படம்?"

"அதுவும் இதனாலதான். அப்படிப் பிடிச்சா வலிக்கல."

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் கள்ளிக்குப்பத்துல ஒரு நிச்சயதார்த்தம் ஃபுல்லா அப்டியே எடுத்துட்டேன்," என்றார் மெதுவாக. "ஆல்பம் போடறவராண்ட குடுத்தா, இத்த வெச்சி எப்டிபா அகலப் பக்கம் போடறதுன்னு திட்டறாரு. பொண்ணோட அப்பா, சொந்தக்காரங்க பாதி பேரக் காணோம்னு சண்டைக்கி வந்துட்டாரு. அக்காவே அப்டி எடுக்குதுன்னு நம்பித்தான் எடுத்தேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருந்தது. கிரிப்பைத் திருப்பி மாட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "டாக்டராண்ட காட்டுங்க," என்று சொல்லி அவர் எழுந்து போனார். பரிசளிப்பைப் படம் எடுக்க என்னால் நிற்க முடியவில்லை. பயிற்சியாளரம்மாவிடம் படம் சரியாக வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாளா என்கிட்டகூடவா சொல்லல? நான் என்ன உன்னைப் படம் எடுக்கப் போகாதேன்னா சொல்லப் போறேன்?" என்றார். அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். விரலை மடக்குகிற தசைநார் ஓடும் பாதை வீங்கிவிட்டது, சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். ஒரு ஊசி போட்டு, விரல் மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். வெறும் பத்து நிமிட வேலை. அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அன்று மாலை மெனுவைத் திறந்து ஃபோகஸை மறுபடி ஷட்டருக்கே கொடுத்தேன். முதுகுப் பட்டனுக்கு ஒரு வரி இருந்தது, கிரிப் பட்டனுக்குத் தனியாக இன்னொரு வரி. இரண்டையும் அணைத்தேன். கடையில் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது.

பிறகு குழுவில் எழுதினேன். உயரவாக்கில் எடுத்தது பாணி இல்லை, விரல் நோவு என்று. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். சிலர் சீக்கிரம் குணமாகட்டும் என்று போட்டிருந்தார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். அண்ணனூர்க்காரர் எதுவும் போடவில்லை.

இரண்டு ஞாயிறு அவர் மைதானத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் நானே அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன். என் விரல் பட்டையைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம்," என்றார். அக்கா இல்லை, மேடம்.

"அந்த நிச்சயதார்த்தப் படங்களை என்கிட்ட குடுங்க தம்பி. ரெண்டு ரெண்டா சேர்த்து ஒரு பக்கமா ஆக்கிப் பாக்கறேன். வீட்ல அதுக்கான சாஃப்ட்வேர் இருக்கு."

"பரவால்ல மேடம், வுடுங்க."

"எனக்குப் பரவால்ல இல்ல," என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன், எழவில்லை.

கடைசியில் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அலுவலகம் முடிந்து வந்து, மௌஸை இடது கையில் பிடித்து உட்கார்ந்தேன். நல்ல படங்கள்தான். ஒவ்வொரு முகத்திலும் ஃபோகஸ் ஊசி மாதிரி இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகவே செய்திருந்தார். பொண்ணுக்கு மோதிரம் போடுகிற படத்தில் மட்டும், பக்கத்தில் நிற்கிற அத்தையோ பெரியம்மாவோ பாதி வெட்டுப்பட்டிருந்தார். ஒரு கண், ஒரு மூக்குத்தி, சிரிக்கிற வாயில் பாதி. எந்தப் படத்தை எடுத்து ஒட்டினாலும் மீதிப் பாதி கிடைக்கவில்லை.

ஆல்பம் ஒருவழியாகப் போனது. "ஓகே பண்ட்டாங்க," என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "அந்த மூக்குத்தி போட்ட அம்மா மட்டும் கேட்டுகினே கீது மேடம், தன் படம் எங்கன்னு. நான் இன்னா சொல்றதுன்னு தெரில."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் வந்து பேசுகிறேன் என்று பதில் அனுப்பினேன். வரும் சனிக்கிழமை இருவரும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. என்ன சொல்வேன் என்று எனக்கும் இன்னும் தெரியவில்லை.