எம்எக்ஸ் இல்லாத மூன்று வாரம்

ஆபீஸில் இருபத்து மூன்று வருஷம் மற்றவர்களின் மெயிலைப் பழுதுபார்த்தவன் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்று, இணையத்தில் என் பெயரிலேயே ஒரு டொமைன் வாங்கி, புது மெயில் முகவரியைச் சீட்டில் அச்சடித்து, டிபார்ட்மெண்டில் இருந்த நாற்பது பேருக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரி கொடுத்தேன். எல்லோரும் எழுதுவதாகச் சொன்னார்கள்.

மனைவி மகளின் பிரசவத்துக்காகப் புனே போயிருந்தாள். செம்பூர் வீட்டில் நானும் கம்ப்யூட்டரும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை, கௌரவமாக இருந்தேன். இரண்டாம் வாரம், லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் மோசடிக்காரர்கள்கூட எழுதவில்லை. பயந்துபோய் எனக்கு நானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் வந்தது. ஆக, பெட்டியில் கோளாறு இல்லை, மனிதர்கள்தான் சரியில்லை.

மூன்றாம் வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் பழைய மேனேஜரைத் தூரத்தில் கண்டு, முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் அகலம் என்ன, முருங்கைக்காயின் அகலம் என்ன என்று அப்போது தோன்றவில்லை.

வீடு திரும்பியதும்தான், வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் நினைவுக்கு வந்தது: மெயில் வரவில்லையா, எம்எக்ஸைப் பார். மெயில் கிளம்பும்போது, அனுப்பும் சர்வர் இணையத்தின் விலாசப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் விசாரிக்கும்: இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொடுப்பது? அதற்குப் பதில் சொல்லும் வரிதான் எம்எக்ஸ். கறுப்புத் திரையில் என் டொமைனைத் தட்டிக் கேட்டேன். அப்படி ஒரு வரியே இல்லை. போட மறந்திருந்தேன். எனக்கு நானே அனுப்பியது வந்ததென்றால், அது சர்வரை விட்டு வெளியே போகவில்லை. யாரிடமும் வழி கேட்கவும் இல்லை.

அந்த மூன்று வாரத்தில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. நாற்பது பேரும் ஒரே நொடியில் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். எம்எக்ஸைச் சேர்த்தேன். பாவம், அவர்கள் எழுதியதெல்லாம் அவர்களுக்கே திரும்பிப் போயிருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்து வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த தாராவிக்காரனுக்கு முதலில் போன் போட்டேன்.

"ஏம்ப்பா, நீ போட்ட மெயில் திரும்பி வந்துடுத்தா? தப்பு என்னோடதுதான்."

"எந்த மெயிலு அண்ணாச்சி?"

"எனக்குப் போட்டது."

கொஞ்சம் யோசித்தான். "பொய் சொல்லவா, நெசஞ் சொல்லவா?"

"முதல்ல பொய்."

"நாலு மெயிலு போட்டேன் அண்ணாச்சி. நாலும் திரும்பிட்டு."

"இப்ப நெசம்."

"போடல. அந்தச் சீட்டு எங்கன கெடக்குன்னே தெரியல. வேற யாரும் போட்ட மாதிரியும் இல்ல. ஒருத்தனுக்குத் திரும்பி வந்திருந்தாலும், மெயில் வாத்தியாருக்கே மெயில் போகலன்னு டிபார்ட்மெண்டே சிரிச்சிருக்கும்லா."

கோளாறை அப்படித் தேடிப் பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

"சரி, அட்ரஸச் சொல்லுங்க. ஒரு டெஸ்ட் மெயிலு போடுதேன்."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். போனை வைத்த இரண்டாம் நிமிஷம் வந்தது: "டெஸ்ட். வந்துச்சா?"

"வந்தது" என்று உடனே பதில் அடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. இந்த ஆள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துவிடக் கூடாதே. எழுந்து போய் ஒரு ஆளுக்கு அரிசி களைந்து குக்கர் வைத்தேன். மூன்று விசில் வந்தது. வந்து அனுப்பினேன்.