பூனாகலை மழையில் ‘பதினாலாம் நம்பர் மலை’ விளையாடப் போனேன்

இன்னும் வெளிவராத ஒரு கணினி விளையாட்டை விளையாடிப் பார்ப்பதற்காகச் சென்ற ஐப்பசியில் கொழும்பிலிருந்து பூனாகலை வரை போய் வந்தேன். விளையாட்டின் பெயர் ‘பதினாலாம் நம்பர் மலை’. தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஓர் எண் உண்டு. அந்த வழக்கத்தில் வைத்த பெயர். இஷ்டப்படி சுற்றித்திரிய ஒரு பெரிய உலகம், கத்திச் சண்டை, நாம் வளர்த்தெடுக்கும் ஒரு பாத்திரம் என்று வெளிநாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்கிற வகை விளையாட்டு இது. இங்கே செய்பவர்கள் இரண்டே பேர். பிரியா, அவளுடைய கணவன் கஜன். இடம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் கடைசி வீடு.

பிரியா என் வலைப்பதிவைப் படித்துவிட்டு எழுதியிருந்தாள். கோப்பு மிகப் பெரியது, தோட்டத்து இன்டர்நெட்டில் அனுப்ப முடியாது, நேரில் வந்தால் விளையாடலாம் என்றாள். மென்பொருள்களில் பிழை தேடுவதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. அதனால் இப்படி அழைப்பு வந்தால் எனக்கு மறுக்கத் தெரியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். எந்த விளையாட்டிலும் முதல் ஊரை விட்டு வெளியே போக எனக்கு மூன்று மணித்தியாலம் ஆகும். கீழே நான் எழுதுவதை அந்தப் பயத்தைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

மலைநாட்டு ரயில் அந்த வாரம் ஓடவில்லை. தண்டவாளத்தில் மண் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாகப் பண்டாரவளைக்குச் சுமார் இருநூறு கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஏழு மணித்தியாலம் என்றார்கள், எட்டானது. பெரகலைக்கு மேல் மூடுபனி. அப்புத்தளை வரை டிரைவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பனி விலகிய இடங்களில் பச்சை மலையின் நடுவே சிவப்பாக, தோலை உரித்ததுபோல, பழைய சரிவுகளின் தடங்கள் தெரிந்தன. ஜன்னல் பக்கத்து இருக்கையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

பண்டாரவளையில் அறைக்கு நாலாயிரத்து ஐந்நூறு. சுடுதண்ணீர் உண்டு, போர்வை போதாது. விடிய விடியத் தகரக் கூரையில் மழை. காலையில் போனுக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தது. பிரியாவை அழைத்துக் கேட்டேன்.

“எங்களுக்கும் வந்துச்சுக்கா. ஐப்பசி கார்த்திகைன்னா இது வந்துக்கிட்டேதான் இருக்கும். ரோடு தொறந்திருக்கு, வாங்க” என்றாள்.

பூனாகலைக்குப் பண்டாரவளையிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். ஆட்டோவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேசினேன். டிரைவர் முருகேசு ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய், முன்னால் இருந்த வளைவை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ஏன் இறங்கினீங்க?”

“மேலேருந்து கல்லு உருண்டிருக்கான்னு பாத்தேன் மிஸ். கட்டாயம் போகணுமா?”

“ரோடு சரியில்லையா?”

“ரோடு இருக்கு. மலதான் எப்ப எறங்கும்னு சொல்ல முடியல.”

திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்ததை நினைத்துப் போகச் சொன்னேன். வைப்பர் வேலை செய்யாததால் அவர் அடிக்கடி கையை வெளியே நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

பிரியாவின் வீடு, பத்து வீடுகள் கொண்ட லயத்தின் கடைசிக் காம்பராவும், அதன் ஓரத்தில் பலகையும் தகரமும் வைத்து இழுத்துக் கட்டிய ஓர் அறையும் சேர்ந்தது. பின்னால் பத்தடி தள்ளித் தேயிலை மலை நேராக எழும்புகிறது. பின்னறையில் பிரியாவின் அப்பா மாரிமுத்து படுத்திருந்தார். முன்பு தோட்டத்தில் கங்காணி. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார்.

இனி விளையாட்டு. கதை, தோட்டம் புதிதாகத் திறக்கப்பட்ட காலத்தில் நடக்கிறது. நீங்கள் மருதாயி. கொழுந்தெடுக்கப் போய்த் திரும்பாத தங்கச்சியைத் தேடிக் காடும் தேயிலையுமாக இருக்கும் பெரிய மலைத்தொடரில் அலைகிறீர்கள். கையில் கவ்வாத்துக் கத்தி, அதாவது தேயிலைச் செடியைத் தறிக்கிற வளைந்த கத்தி. கனமான ஆயுதம். ஓங்கினால் இறங்க நேரமெடுக்கும். தேயிலை நிரைக்குள் நின்று வீசினால் செடியில் மாட்டிக்கொள்ளும், இழுத்தெடுப்பதற்குள் அடி விழும். அதனால் சண்டைக்கு முன் இடம் பார்க்கக் கற்றுக்கொள்கிறீர்கள். புள்ளி சேர்த்துப் பலம் வாங்குகிற முறை கிடையாது. கொழுந்தெடுத்தால் கை வேகம் கூடும். கூடை சுமந்தால் மூச்சு நீளும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

வரைபடத்தில் உங்கள் இடம் காட்டப்படாது. பனி இறங்கினால் தொழிற்சாலைச் சத்தத்தையும் ஆற்றுச் சத்தத்தையும் வைத்துத்தான் திசை பிடிக்க வேண்டும். பிழைகளும் நிறைய. ஓர் ஆடு கூரைக்கு மேல் காற்றில் மேய்ந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் கணினி மூச்சுத்திணறிப் படம் வெட்டி வெட்டி வந்தது.

ஒன்றரை மணித்தியாலத்தில் பெரட்டுக்களத்துக்கு வந்தேன். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. விளையாட்டில் அங்கே பனிக்குள் வரிசை வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். முகம் தெரியாது. ஒரு குரல் பேர்களைக் கூப்பிடுகிறது. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மலைக்குள் நடந்து மறைகிறார்கள். உங்கள் பேரும் வரும். அப்போது எந்தப் பொத்தானைத் தொட்டாலும் நீங்களும் நடக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் இரண்டு முறை தொட்டேன். மூன்றாவது முறை கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் குரலில் கோபமோ மிரட்டலோ இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

“யாரு பேசினது?” என்று கேட்டேன்.

“அப்பா” என்றாள் பிரியா. “வாதம் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னுக்கு எடுத்தோம். அவரு பெரட்டுல கூப்பிட்ட மாதிரியே கூப்பிடச் சொன்னேன். ஒரே தடவதான் பேசுனாரு, சிரிப்பு வந்துருச்சு அவருக்கு.”

பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அப்போது வாசலில் பக்கத்து வீட்டு லெட்சுமி வந்து நின்றார். குடை இல்லாமல் முழுக்க நனைந்திருந்தார்.

“பிரியா, பீலியப் பாத்தியா? தண்ணி நின்னுருச்சு.”

பீலி என்பது மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற குழாய். குளிப்பதும் குடிப்பதும் அதில்தான். இரண்டு நாள் மழைக்கு அது பொங்கி ஓட வேண்டும். கஜன் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“மலைக்குள்ள தண்ணி வேற பக்கம் திரும்பியிருக்கு. மல எறங்கப்போவுது. கெளம்புங்க. மாமாவ மொதல்ல தூக்கணும்” என்றான்.

யாரும் கத்தவில்லை. லெட்சுமி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். நாங்கள் மாரிமுத்துவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துச் சேலையால் கட்டினோம். முன்பக்கம் கஜன், பின்பக்கம் நானும் பிரியாவும். எதிர் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சாதாரண நாளில் பத்து நிமிட நடை. படிக்கட்டெல்லாம் ஓடையாகிவிட்டது. என் செருப்பு ஒன்று போனது. ஒரு கட்டத்தில் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. மாரிமுத்து தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் வரும்வரை விடவில்லை.

வகுப்பறைக்குள் அவரை இறக்கி வைத்ததும் கஜன் வாசலுக்குத் திரும்பினான்.

“கம்ப்யூட்டர்லேருந்து ட்ரைவ மட்டும் கழட்டிட்டு வந்துர்றேன்.”

“வேணாம்” என்றாள் பிரியா.

“வேற காப்பி இல்லையா?” என்று நான் கேட்டேன். என் தொழில் அப்படி.

“நெட்ல ஒண்ணு இருக்குக்கா, ரொம்பப் பழசு. மாமா கொரல் அதுல இல்ல.” மனைவியைப் பார்க்காமல் சொன்னான். அவள் மறுபடி வேணாம் என்று சொல்வதற்குள் படியில் இறங்கிவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் வந்தது. இடிபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரிய லொறி ஒன்று கருங்கல்லைக் கொட்டத் தொடங்கி, கொட்டி முடிக்காமலே இருந்ததுபோல் இருந்தது. தரை வழியாகக் கால்களுக்கு வந்தது. பனி மூடியிருந்ததால் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. சத்தம் நின்றதும் பச்சை மண்ணின் வாசனையும் கசங்கிய தேயிலை வாசனையும் சேர்ந்து வந்தன. நாய்கள் குரைத்தன. பிறகு அவையும் நிறுத்திவிட்டன.

பிரியா அவனுடைய எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். இணைப்புக் கிடைக்கவில்லை என்று மூன்று மொழிகளிலும் சொல்லியது. அவள் அழவில்லை. மூன்று மொழிகளையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி அழுத்தினாள். பின்னால் ஓடிப் போகப் பார்த்தவளை லெட்சுமி இடுப்போடு பிடித்து நிறுத்தியிருந்தார். மாரிமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல முயன்றார். வாய் அசைந்தது, சொல்லாக வரவில்லை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மேட்டுக்குப் பின்னாலும் ஒரு மலை இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு என்னால் அந்தச் சுவரில் சாய முடியவில்லை.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கஜன் கீழ்ப்பக்கத்திலிருந்து வரவில்லை. மேல்பக்கத்துப் பாதையால் வந்தான், இடுப்புவரை சேறு. அவனுக்குப் பின்னால் மேல் லயத்து ஆட்கள் இருபது பேரளவில், தலையில் சாக்கும் பொலித்தீனும் போட்டுக்கொண்டு.

“வீட்டுக்குப் போற வழியில, கோயில் வளைவுலயே தரை வெடிச்சிருந்துச்சு” என்றான். “கால் வைக்கப் பயமாயிருச்சு. மேல் லயத்துல இவங்க இன்னும் எறங்காம இருந்தாங்க, அவங்கள மேல்பக்கமா கூட்டிட்டு வந்தேன். ட்ரைவ எடுக்கல பிரியா.”

பிரியா அவன் தோளில் ஒன்று வைத்தாள். பலமான அடி. பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொரல் போனாப் போவுது. அப்பா இருக்காரு. நீங்க இருக்கீங்க.”

மாரிமுத்து அழுதார். வாயின் ஒரு பக்கம் மட்டும் கோணியது. லெட்சுமி தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் பனி விலகியபோது பார்த்தோம். லயத்தின் முதல் எட்டு வீடுகள் அப்படியே நின்றன. கடைசி இரண்டின் மேல் மலை வந்து உட்கார்ந்திருந்தது. மாரிமுத்துவின் கட்டில் இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி வேரோடு நிமிர்ந்து நின்றது. அந்த லயங்களில் உயிர் போகவில்லை. திங்கட்கிழமை பாதை திறந்ததும் நான் கொழும்புக்கு வந்தேன். கணினியைப் பிறகு தோண்டியெடுத்து ட்ரைவை எனக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இரண்டு கடைகளில் காட்டினேன். இரண்டிலும் கையை விரித்துவிட்டார்கள்.

ஆகவே நான் விளையாடிய அந்த விளையாட்டு இப்போது இல்லை. பழைய காப்பியிலிருந்து மறுபடி கட்டுகிறார்கள், பண்டாரவளையில் ஒரு வாடகை அறையில். வெளியிலிருந்து அதை விளையாடியவள் நான் ஒருத்திதான் என்பதால், எங்கே வழி தவறினேன், எங்கே பயந்தேன், எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேன் என்று ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனில் சொன்னேன். மண்சரிவையும் கதைக்குள் வைப்பீர்களா என்று கேட்டேன். “இல்லக்கா. அத யாரும் வெளயாடி ஜெயிக்க வேணாம்” என்றாள் பிரியா.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: எல்ல, அப்புத்தளை, பூனாகலை எல்லாம் மாசி முதல் சித்திரை வரை போக நல்ல இடங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். போயே ஆகவேண்டுமென்றால் மலையடியில் அறை எடுக்காதீர்கள். போனுக்கு எச்சரிக்கை வந்தால் பயணத்தை அன்றே நிறுத்துங்கள். செலவழித்த பஸ் காசை நினைக்காதீர்கள். ஆட்டோ டிரைவர் கட்டாயம் போகணுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. எட்டு வீட்டுக்காரர்களும் இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு அதே லயத்துக்குத்தான் போனார்கள். அவர்களுக்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை.

இப்போது அந்த மலைகள் இருக்கும் ஊவா மாகாணத்தில் மழை என்று செய்தி கேட்டால் பிரியாவை அழைக்கிறேன். அவள் விளையாட்டைப் பற்றிப் பேசுவாள், அப்பாவுக்குச் செய்யும் பயிற்சியைப் பற்றிச் சொல்வாள். நானும் மழையைப் பற்றிக் கேட்பதில்லை. போனை வைக்கும்போது மட்டும், நான் கேட்காமலே, “லயத்துல எல்லாரும் எறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்கக்கா” என்பாள்.