பாட்டுப் போடாத கேசட்

எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை எவனோ ஒருவன் வந்து கழற்றச் சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா மதத்தவரும் வாங்குகிற மருந்தாம். விளம்பரத்தில் பின்னால் சாமி படம் எதுவும் தெரியக் கூடாதாம். அம்மா தானே ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கி, முந்தானையால் துடைத்துக் கட்டிலில் வைத்தாள். வெள்ளையடிக்கிற நாட்களைத் தவிர அந்தப் படம் சுவரை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் திண்டுக்கல்லில் உள்ளூர் கேபிள் சேனலுக்குப் பெரிய மவுசு. பழைய படம் போடுவார்கள், நடுநடுவே ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரம் வரும். சர்க்கரை நோய்க்கு மூலிகைப் பொடி விற்கிற ஒரு கம்பெனியும் அதில் விளம்பரம் கொடுத்தது. அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. ஆஸ்பத்திரி மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டாள். காலையில் சர்ச் பூசைக்குப் போகிற சாக்கில் ஊரைச் சுற்றி நடப்பாள். இவற்றோடு அந்தப் பொடியையும் மோரில் கலக்கிக் குடித்துப் பார்த்தாள். சர்க்கரை குறைந்தது. எது குறைத்தது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பொடி வாங்கிய கடையில் கேட்டபோது, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவுக்கு யாரையும் குறை சொல்ல வராது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சட்டையை இன் பண்ணிய ஒரு ஆள் வீட்டுக்கே வந்துவிட்டான். உங்களை மாதிரி ஒரு அம்மா, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினால் ஜனங்கள் நம்புவார்கள் என்றான்.

படம் பிடிக்க அவன் கூட்டி வந்தவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். தொண்ணூறுகளில் என் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கல்யாண கேசட்டில் யார் பேசுவதும் கேட்காது. தாலி கட்டுவதிலிருந்து பந்தி முடியும்வரை சினிமாப் பாட்டுதான் ஓடும். மனிதர்கள் வாயை வாயை அசைப்பார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் இருந்த அத்தனை கேசட்டும் அப்படித்தான். வீடியோ என்றால் அம்மாவுக்கு அதுதான் வீடியோ.

ஆனால் இந்த முறை வீடியோக்காரர் ரொம்ப மெனக்கெட்டார். தரமாக வரவேண்டுமாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் ஒரு லைட்டையும் வைத்தார். பளபளக்கிற சேலை கூடாது, நூல் சேலை கட்டுங்கள் என்றார். ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். எதிரொலிக்கிறது என்று எங்கள் வீட்டுப் போர்வைகளையே எடுத்து வெறும் சுவரில் தொங்கவிட்டார். சேலை மடிப்பில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினார். கம்பெனிக்காரன் என்னைப் பார்த்து, நீங்க செத்த நேரம் வாசல்ல நின்னு யாரும் சத்தம் போடாமப் பாத்துக்கங்க என்றான். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் என்னை வாட்ச்மேன் ஆக்கிவிட்டான். பக்கத்து வீட்டில் மிக்சியை நிறுத்தச் சொன்னேன், உப்பு வண்டிக்காரரைக் கூவாமல் தெருவைக் கடக்கச் சொன்னேன். உள்ளே ஒரு பொய் சுத்தமாகப் பதிவாவதற்கு வெளியே நான் காவல்.

உள்ளே நடந்ததை அம்மா பிறகுதான் சொன்னாள். முதலில் அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். மாத்திரையும் போடுறேன், நடக்கிறேன், இந்தப் பொடியும் குடிக்கிறேன் என்று. அவன் நிறுத்தி, மாத்திரை பேச்சு வேண்டாம் என்றிருக்கிறான். திரும்ப எடுத்தார்கள். பழக்க தோஷத்தில் திரும்பவும் மாத்திரை வந்துவிட்டது. அந்த வெயிலில் ஃபேன் இல்லாமல், லைட்டுச் சூட்டில் அம்மாவுக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில் அவனே ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தான், அம்மா அதைச் சொல்லிவிட்டு எழுந்தாள். எப்படிம்மா சொன்னே என்று நான் கத்தியதற்குச் சாவகாசமாகச் சொன்னாள்:

"ஏன்டி இம்புட்டுக் கோவப்படுற? என்னத்தச் சொன்னா என்ன, மேல பாட்டுத்தான போடப் போறாங்க."

மைக் குத்தினார்களே என்றேன். உன் கல்யாணத்திலுந்தான் மைக் வச்சிருந்தாங்க என்றாள். ஃபேனை நிறுத்தியது முடி பறக்காமல் இருக்க என்று நினைத்தாளாம்.

பாட்டுப் போடவில்லை. சாயங்காலப் படம் தொடங்குமுன் தினமும் அம்மா வந்தாள். கொசுச் சத்தம்கூட இல்லாமல் கணீரென்று பேசினாள். "எனக்குப் பொறந்த ஊரு கன்னிவாடி. வாக்கப்பட்டு வந்தது திண்டுக்கல்லு. இந்தப் பொடிய எடுத்ததுலருந்து மாத்திரை எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன். இப்ப நல்லா இருக்கேன்." முதல் நாள் கேட்டபோது அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றாள். பூசைக்குப் போனால் ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். ஒவ்வொருவரிடமும் அம்மா, இல்லை, நான் மாத்திரை போடுகிறேன் என்று விளக்கினாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்துத் தெருச் சித்தியிடம் விளக்க வாய்க்கவில்லை. சொந்தச் சித்தி இல்லை. அம்மாவும் அவரும் கன்னிவாடியில் ஒன்றாக வளர்ந்து, திண்டுக்கல்லுக்கே வாக்கப்பட்டவர்கள். இருவருக்கும் சர்க்கரை, ஒரே ஆஸ்பத்திரி வரிசை. அந்தச் சமயம் சித்தி தன் மகள் வீட்டு விசேஷத்துக்காக அலைந்துகொண்டிருந்ததில் இருவரும் சந்திக்கவே இல்லை. ஆனால் டிவியில் அம்மாவைச் சந்தித்திருக்கிறார். அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி வாங்கியிருக்கிறார். செருப்பு கடித்த சின்னப் புண் ஆறாமல் பெரிதாகி, காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் எங்களுக்குச் செய்தியே வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தக் கம்பெனிக்காரன் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனாக்கும்? நீ சொன்னியேன்னுதான் நிப்பாட்டுனேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அந்த ஆளுக்குப் போன் போடச் சொன்னாள். வெட்டி எடு, இல்லையென்றால் திரும்ப வந்து எடு, நான் உள்ளதைச் சொல்கிறேன் என்று கெஞ்சினாள். அவன், நீங்களே உங்க வாயால சொன்னதுதானேம்மா என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன் எடுத்துக் கொடுத்த வாக்கியம், அவன் கூட்டி வந்தவர் போட்ட விளக்கு, நிறுத்திய ஃபேன், ஆனால் வாய் மட்டும் எங்கள் அம்மாவுடையது. கேபிள்காரரிடம் போனேன். கம்பெனி கேசட் கொடுக்கிறது, நாங்கள் ஓட்டுகிறோம், சொல்வதானால் அவர்களிடம் சொல்லுங்கள் என்றார். மறுநாளும் ஓடியது.

அதன்பிறகு அந்த விளம்பரம் வருகிற நேரத்துக்குச் சரியாக அம்மா சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். டிவியை அணைப்பாள். சித்திக்கு மாத்திரையைக் கொடுத்து, தன் மாத்திரையையும் அவர் பார்க்க விழுங்குவாள். மழையானாலும் வெயிலானாலும் போனாள். கடைசியில் மாரடைப்பில் ஒரே நாளில் அம்மா போனதும் சித்தி ஊன்றுகோலோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமும், வாசல் பந்தலைப் பிரிக்கிறபோதும், எதிர்வீட்டு டிவியில் அம்மா நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் அது நின்றது.

என் கல்யாண கேசட்டை இப்போது சிடியாக மாற்றி வைத்திருக்கிறேன். அதில் ஒரு இடத்தில் அம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள். சொல்லும்போதே கண்ணைத் துடைக்கிறாள். என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை முறை உதட்டைப் பார்த்தாலும் பிடிபடவில்லை. மேலே டூயட் பாட்டு ஓடுகிறது.

அம்மாவின் குரல் இருப்பது ஒரே ஒரு இடத்தில்தான். வீடியோக்காரரிடம் கேட்டு அந்த விளம்பரத்தில் ஒரு பிரதி வாங்கினேன். போட்டுக் கேட்பேன். எனக்குப் பொறந்த ஊரு கன்னிவாடி, வாக்கப்பட்டு வந்தது திண்டுக்கல்லு. அந்த இடத்தில் அம்மா மூச்சு வாங்குவது கேட்கும். உடனே நிறுத்திவிடுவேன். அதுவரைதான் எங்கள் அம்மா. மிச்சத்தை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.