ரோதைமுனி சேவலுக்குப் போட்ட ஊசி

கஜலட்சுமி அளவுக்கு மனிதரை நம்புகிறவளை நான் கண்டதில்லை. அந்த நம்பிக்கையில் மண்ணள்ளிப் போட்ட யுகேஷை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், குடியிருந்தோம். கொழுந்தெடுத்து வந்தால் அவளுக்குக் கோழிகள்தான் உலகம். அதில் ஒரு செஞ்சேவலை, தேயிலை ஆலையடியில் இருக்கும் காவல் சாமி ரோதைமுனிக்கு நேர்ந்து விட்டிருந்தாள். மகள் தனுஜாவுக்கு இரண்டு தடவை கரு கலைந்து, இப்போதுதான் ஒன்று தங்கியிருந்தது. பிள்ளை பிறந்ததும் அறுக்க வேண்டிய சேவல் அது. நேர்ந்ததை விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, இடையில் சாக விடவும் கூடாது.

யுகேஷ் எங்கள் லயத்துப் பாலம்மாவின் மகன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். கோழிகளுக்கு வரும் கழிச்சல் நோய்த் தடுப்பூசியோடு கடற்பாசியிலிருந்து எடுத்த சத்தைக் கலந்தால் ஊசி இன்னும் நன்றாகப் பிடிக்குமாம். அதைப் பரீட்சிக்க வந்தான். லயத்துச் சனம் தயங்கியது. நம்ம புள்ள நமக்குக் கெடுதலா செய்யும் என்று கஜலட்சுமிதான் வீடு வீடாகப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். எல்லாக் கோழிக்கும் பாசி மருந்துதான் என்று அவன் வாக்குக் கொடுத்தான். முனிக்கு நேர்ந்தது, பார்த்துப் போடு என்று சேவலை அவளே பிடித்துக் கொடுத்தாள். தலையாட்டிக்கொண்டே போட்டான், பாவி.

அடைமழையோடு கழிச்சல் வந்தது. அவளுடைய கோழிகள் கழுத்து முறுகி விழுந்தன. சேவலும் போனது. பாலம்மாவின் கோழிகள் ஒரு குறையுமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. தனுஜாவிடம் சொல்லிவிடாதே என்று கஜலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கணக்கெடுக்க வந்தபோதுதான் யுகேஷ் உண்மையைச் சொன்னான். கஜலட்சுமி வீடு உட்படப் பாதி வீடுகளுக்குப் பாசி கலக்காத ஊசியாம். எது நல்லதென்று தெரியாததால்தான் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். சொன்னால் யாரும் கோழி தர மாட்டார்கள் என்று மறைத்தானாம். வேறு சேவல் வாங்கித் தருகிறேன் என்றான். இந்த லயத்தில் பிறந்தவனுக்கு முனியின் முறை தெரியாதா?

கஜலட்சுமி ஏசவில்லை.

“ஒங்கம்மா கோழிக்கு எதப் போட்ட தம்பி?” என்று கேட்டாள்.

“பாசி மருந்துதான், சின்னம்மா.”

“யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கியா பார்த்த?”

“மத்த வீட்டுக்கெல்லாம் குலுக்கித்தான்...” என்று இழுத்தான்.

“அப்ப எது நல்லதுன்னு ஒனக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு.”